ஒரே நாவலுக்கு அஞ்சு நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும்: விண்வெளி மந்திரவாதிகளின் கொலைக்கதை வாசகரைப் பிரிப்பது ஏன்?

ஜூலையில் கோவை கொடிசியா, ஆகஸ்டில் ஈரோடு என்று புத்தகத் திருவிழாப் பருவம் நெருங்கினால், கொங்குப் பக்கத்து வாசகர்கள் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் வாசிக்கிற கல்லூரி வயசுக்காரர்களின் பட்டியலில் ‘கிடியன் த நைன்த்’ இருந்தால், பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் இருக்கும். நியூசிலாந்து எழுத்தாளர் டாம்சின் மியூரின் முதல் நாவல் இது. 2019இல் வெளிவந்தது. அறிவியல், மாயப் புனைவுகளுக்குத் தரப்படும் லோகஸ் விருதை 2020இல் சிறந்த முதல் நாவலாகப் பெற்றது. அதே துறையின் பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இரண்டின் இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தது. இவ்வளவு இருந்தும் வாசகர் கருத்துகளைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. இப்படி ஒன்றைப் படித்ததே இல்லை என்று ஒருவர் கொண்டாடுகிறார். அதற்குக் கீழேயே இன்னொருவர் நூறு பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன் என்கிறார்.

இரண்டு பேரில் யாரோ ஒருவருக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் நிதானமாகப் பார்த்தால் இரண்டு பேருமே சொல்வது சரி. அவர்கள் பதில் சொல்கிற கேள்விதான் வேறு வேறு. அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம். கொலையாளி யார் என்று இந்தக் கட்டுரை சொல்லாது; தைரியமாகப் படிக்கலாம்.

முதலில், இது என்ன வகை?

இந்த நாவலின் மேல் நாலு முத்திரை குத்தலாம்: இருண்ட, அறிவியல், மாய, மர்மக் கதை. ஒவ்வொரு முத்திரையும் வாசகருக்கு ஒரு வாக்கு கொடுக்கிறது.

1. அறிவியல் புனைவு: இன்றைக்கு இல்லாத ஒன்று கதையில் இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் உண்டு, கேட்டால் விளக்கம் கிடைக்கும் என்பது வாக்கு.

2. மாயப் புனைவு: மந்திரம் உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. என்ன செய்யும், என்ன விலை கேட்கும் என்று மட்டும் கேட்கலாம். இவை இரண்டும் ஒரே கதையில் சேர்ந்தால், விண்கலமும் வாளும் ஒரே பக்கத்தில் வந்தால், அதை அறிவியல் மாயப் புனைவு என்கிறோம்.

3. மர்மக் கதை: ஒரு கொலை நடக்கும். கொன்றது யார் என்பதற்கான தடயம் வாசகர் கண்ணில் படும்படி எங்காவது வைக்கப்பட்டிருக்கும். கடைசியில் விடை வரும்போது, ‘அட, இதை நாமே கண்டுபிடித்திருக்கலாமே’ என்று தோன்ற வேண்டும். நாலில் மிகக் கறாரான வாக்கு இதுதான்.

4. இருண்ட என்பதற்கு நீளமான விளக்கம் வேண்டாம். சாவு நிறைய, ரத்தம் நிறைய, பிடித்த பாத்திரம் உயிரோடு மிஞ்சும் என்று உத்தரவாதம் கிடையாது.

இந்த நாலையும் ஒட்டிவைப்பதில்தான் வினை. திருப்பூரில் துணி தைப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சுருங்கும் அளவு ஒத்துப்போகாத இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்தால், தைத்த அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், முதல் அலசலில் ஒன்று சுருங்கி, மற்றது சுருங்காமல் நிற்க, தையல் ஓரமெல்லாம் இழுத்துக்கொள்ளும். இந்த நாவலில் இழுத்துக்கொள்ளும் ஓரம், மாயமும் மர்மமும் சேர்கிற இடம்.

மர்மக் கதைக்கு ஏன் வேலி வேண்டும்?

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்பவர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். மனிதர் கத்தோலிக்கப் பாதிரியார். கட்டளைக் கணக்குப் பத்தாக அமைந்ததில் குறும்பு உண்டு. ஆனால் உள்ளே இருப்பது விளையாட்டில்லை. இரண்டாவது கட்டளை, இயற்கைக்கு அப்பாற்பட்ட எதுவும் கூடாது. நான்காவது, இதுவரை யாரும் கண்டுபிடிக்காத விஷமோ, கடைசியில் நீண்ட அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவியோ கூடாது. ஆக, ஒன்று மந்திரத்துக்குக் கதவடைக்கிறது, மற்றது புது விஞ்ஞானத்துக்கு. அறிவியல் மாய மர்மக் கதை என்று ஒன்றை எழுத உட்கார்ந்தாலே பத்தில் இரண்டு கட்டளை போயிற்று.

காரணம் எளிது. பூட்டிய அறைக்குள் பிணம் கிடக்கிறது. யாரும் உள்ளே போயிருக்க முடியாது என்பதுதான் புதிர். சுவருக்குள் நுழைந்து போகும் மந்திரம் அந்த உலகத்தில் உண்டு என்று முந்நூறாவது பக்கத்தில் ஆசிரியர் சொன்னால், அதுவரை யோசித்ததெல்லாம் வீண். ‘முடியாது’ என்ற சொல்லுக்கு மதிப்பிருந்தால்தான் புதிர் நிற்கும்.

அப்படியானால் இந்தக் கலவை சாத்தியமே இல்லையா? அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். ஜான் கேம்பெல் என்ற புகழ்பெற்ற அறிவியல் புனைவுப் பத்திரிகை ஆசிரியர், அறிவியல் புனைவும் துப்பறியும் கதையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்றார். அதை மறுப்பதற்காகவே அறிவியல் புனைவு எழுத்தாளர் ஐசக் அசிமோவ் எழுதிக் காட்டியது ‘த கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’. புத்தகமாக வந்த ஆண்டு 1954. அதில் புதிர் இதுதான். கூரை மூடிய நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதர்களுக்கு வெட்டவெளி என்றால் நடுக்கம். அதைத் தாண்டிப் போய்க் கொல்ல அவர்களால் ஆகாது. ரோபோ வெட்டவெளியைத் தாண்டும். ஆனால் மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற விதி அதற்குள் பதிந்திருக்கிறது. போக முடிந்தவனால் கொல்ல முடியாது, கொல்ல முடிந்தவனால் போக முடியாது. கொலை மட்டும் நடந்துவிட்டது!

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு விதியையும் அசிமோவ் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்பது. உலகம் எவ்வளவு விசித்திரமாகவும் இருக்கலாம். அதன் வேலி எங்கே என்று வாசகருக்கு நேரத்தோடு தெரிந்துவிட்டால் போதும். கலவை நியாயமாக நடப்பதற்கு இந்த ஒரு நிபந்தனைதான். இனி இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் நாவலுக்குப் போகலாம்.

நாவலுக்குள் என்ன நடக்கிறது?

சூரியனைச் சுற்றி ஒன்பது வீடுகள். வீடு என்றால் இங்கே ஒரு கிரகமும் அதன் வம்சமும். எல்லாவற்றுக்கும் மேலே, பத்தாயிரம் வருஷமாகச் சாகாத பேரரசர். ஒவ்வொரு வீட்டிலும் சாவிலிருந்து சக்தி எடுக்கும் மந்திரவாதிகள். ஒன்பதாவது வீட்டில் ஆள் பஞ்சம் என்பதால் வயல் வேலையை எலும்புக்கூடுகள் பார்க்கின்றன. (பண்ணயத்துக்கு ஆள் கிடைக்காமல் அல்லாடும் நம் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பார்கள்.)

முதல் வரியிலேயே நாயகி கிடியன் தன் வாளையும் செருப்பையும் ஆபாசப் பத்திரிகைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடப் பார்க்கிறாள். ஓடிப்போக அவள் காத்திருப்பது ஒரு விண்ணோடத்துக்கு. பேரரசரின் பெயரும் பட்டமும் ஊதுகொம்பு முழங்குவதுபோல வரும். அதே வாக்கியம் முடிவதற்குள் அந்தப் பத்திரிகைகள் வந்துவிடும். கம்பீரமும் தெருக்கிண்டலும் முட்டிக்கொள்கிற இந்த நடைதான் கடைசி வரை.

அவளால் ஓட முடியவில்லை. அவள் வெறுக்கிற இளம் தலைவி ஹாரோஹார்க்குக்கு மெய்க்காவல் வீராங்கனையாக வேஷம் கட்டி, முதல் வீட்டின் பாழடைந்த மாளிகைக்குப் போகிறாள். இரண்டிலிருந்து ஒன்பது வரை எல்லா வீட்டு வாரிசுகளும் அங்கே கூடுகிறார்கள். பேரரசருக்குச் சாகாவரம் பெற்ற துணைவர்கள் வேண்டும், அதற்கான பரீட்சை. பரீட்சை என்ன என்று யாரும் சொல்வதில்லை. அனுமதியில்லாமல் பூட்டிய கதவைத் திறக்காதே என்பது ஒன்றுதான் விதி. அப்புறம் ஒவ்வொருவராகச் சாக ஆரம்பிக்கிறார்கள்.

தனித்த மாளிகை, வெளியே போக வழியில்லை, உள்ளே கொலையாளி. மர்மக் கதை வாசகருக்கு நன்றாகப் பழகிய அரங்கு. அதனால்தான் அவர் நிமிர்ந்து உட்காருகிறார். அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது.

1. துப்பறிய வேண்டியவளால் கேள்வி கேட்க முடியாது. வேஷம் கலைந்துவிடக் கூடாது என்பதற்காக, மௌன விரதம் என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும்படி கிடியனுக்கு உத்தரவு. நாம் பார்ப்பதெல்லாம் அவள் கண்வழியே. விசாரணைக் காட்சியே இல்லாத ஒரு விசாரணை நீண்ட நேரம் நடக்கிறது.

2. அவளுக்கு மந்திர சாஸ்திரத்தில் அக்கறை இல்லை. இந்த உலகத்தில் சாவின் சக்திக்குத் தானர்ஜி, உயிரின் சக்திக்குத் தாலர்ஜி என்று பெயரும் கணக்கும் உண்டு. மாளிகைக்கு அடியில் ஆய்வுக்கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேற்றம். மற்றவர்கள் அதைப் பற்றித் தீவிரமாகப் பேசும்போது கிடியனின் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது. அவள் காதில் விழாதது நமக்கும் விழாது. அசிமோவ் முன்கூட்டியே காட்டிய வேலி இங்கே பாதி இருட்டில் இருக்கிறது. ஆசிரியர் மறைத்தார் என்று சொல்லவும் முடியாது. தடயம் அங்கேதான் கிடக்கிறது, அதை நம் கைக்கு எடுத்துத் தர ஆளில்லை. என்னைக் கேட்டால், புதிர் வாசகரின் கோபத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்துக்குச் சேரும். அந்தக் கோபம் நியாயமானது என்றும் சொல்வேன்.

3. பெயர்க் கூட்டம். எட்டு வீடுகளிலிருந்து பதினேழு பேர், ஒவ்வொருவருக்கும் பெயர், குடும்பப்பெயர், பட்டம். சந்தேகப் பட்டியலை மனசில் வைத்துக்கொள்ளவே திணறும்போது யாரைச் சந்தேகிப்பது? புத்தகத்தின் முன்பக்கத்தில் பாத்திரப் பட்டியல் உண்டு. கிண்டிலில் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு சின்ன உதவி: குடும்பப்பெயருக்குள்ளேயே வீட்டு எண் ஒளிந்திருக்கிறது. கிடியனின் குடும்பப்பெயர் நவ், எட்டாம் வீட்டு வீரன் அஷ்ட், நாலாம் வீட்டு வீராங்கனை சதுர். நவம், அஷ்டம், சதுரம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த மூன்று வீடாவது இலவசம்.

4. நடை. மேலே சொன்ன முட்டல், பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கிறது. பிடிக்காதவர்களுக்கு, பத்தாயிரம் வருஷத்துப் பேரரசில் இன்றைய இணையக் கிண்டல் எப்படி வந்தது என்று எரிச்சல்.

நம் ஊர் வாசகர் எங்கே நிற்கிறார்?

மேலே சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாசிப்புப் பழக்கம் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர் இந்த நாவலுக்குள் வெறுங்கையோடு போவதில்லை.

முதல் பழக்கம் பாக்கெட் நாவல். ஆயிரத்து ஐந்நூறு நாவல்களைத் தாண்டி எழுதிய ராஜேஷ்குமார் கோவைக்காரர். பஸ் நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் நாவலை வாங்கி, வண்டி ஊர் சேர்வதற்குள் முடித்துவிடுகிற பழக்கம் இங்கே இரண்டு தலைமுறைக்கு உண்டு. அவருடைய பிரபலமான உத்தி, சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை மாற்றி மாற்றி அத்தியாயம் அத்தியாயமாக ஓட்டி, கடைசியில் முடிச்சுப் போடுவது. இதில் பழகிய வாசகர் குழப்பத்துக்கு அஞ்சமாட்டார். கடைசி அத்தியாயத்தில் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. ஆனால் அந்த நம்பிக்கை அதே புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தின் மேல் வைத்தது. மியூரின் நாவலில் கொலைகாரர் யார் என்பதற்கு விடை வந்துவிடுகிறது. பேரரசர் யார், பத்தாயிரம் வருஷத்துக்கு முன் என்ன நடந்தது போன்ற பெரிய கேள்விகள் அடுத்தடுத்த புத்தகங்களுக்குப் போய்விடுகின்றன. மூன்று புத்தகமாகத் திட்டமிட்ட வரிசை நாலாக நீண்டது. ‘கதை நல்லாத்தானுங்க போகுது, முடிச்சைத்தான் அவுக்கலீங்க’ என்று குறைப்படுபவரின் கணக்கு இது.

இரண்டாவது பழக்கம் சுஜாதா. ‘கொலையுதிர் காலம்’ படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: பேயா, விஞ்ஞானமா என்று துப்பறியும் வக்கீல்களான கணேஷும் வசந்தும் நாவல் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். மாயமாகத் தெரிவதற்குப் பின்னால் ஒரு ஹோலோகிராம், அதாவது ஒளியால் உண்டாக்கிய முப்பரிமாண உருவம், இருக்கலாம் என்ற சந்தேகம்தான் அங்கே சுவை. இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தோதரோவ் 1970இல் வெளியிட்ட நூலில் இந்தத் தயக்கத்தை ஒரு தனி இலக்கிய வகையின் உயிராகவே வைத்தார். அமானுஷ்யம் தலைகாட்டும்போது, இது இயற்கை விதிக்குள் அடங்குமா அடங்காதா என்று வாசகர் ஊசலாடுகிற வரையில்தான் அந்த வகை. காரணம் சொல்லிவிட்டால் அது வேறு வகை. மாயம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் இன்னொரு வகை. மியூரின் நாவலில் அந்த ஊசலாட்டமே கிடையாது. எலும்பு எழுந்து நடக்கும் என்பது முதல் அத்தியாயத்திலேயே முடிந்துபோன விஷயம். ‘அறிவியல்’ என்ற முத்திரையைப் பார்த்துவிட்டு, கடைசியில் யாராவது வந்து இதெல்லாம் எப்படி நடந்தது என்று விளக்குவார்கள் என்று காத்திருக்கிற வாசகர் ஏமாறத்தான் செய்வார்.

மூன்றாவது பழக்கம் அச்சுக்கும் முந்தியது. அண்ணன்மார் கதை என்கிற பொன்னர் சங்கர் கதையை உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவது கொங்கில் இன்றும் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பக்கம் தங்கி ஒலிநாடாவில் பதிந்தது இந்தக் கதையைத்தான். அதில் நிலத்தகராறும் பங்காளிப் பகையும் இருக்கும். அதே மூச்சில் சாபமும் வரமும் பேசுகிற பன்றியும் வரும். அண்ணன்மார் இறந்தபின் தங்காள் தேடிப்போய் அவர்களை எழுப்புவாள். கோயில் விழாக்களில் அந்தப் படுகளம் கண்முன்னே நடக்கும்: அருள் வந்தவர்கள் மாண்டதுபோல விழுந்து கிடப்பார்கள், உறவுக்காரர்கள் சுற்றி நின்று அழுவார்கள், பிறகு தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள். செத்தவர் எழுவது என்பது இங்கே தர்க்கத்தை உடைக்கிற செய்தியே இல்லை.

இதனால்தான், நம் பக்கத்து வாசகர் சண்டையில் ‘விண்கலத்துக்கு நடுவே மந்திரம் எதற்கு?’ என்ற கேள்விக்குப் பெரிய எடை இருக்க முடியாது என்று நினைக்கிறேன். அந்தக் கலப்பு நமக்கு ஜீரணமாகிவிடும். ஆனால் ஒன்று: உடுக்கைப் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பவருக்கு யார் சாவார், யார் கொல்வார் என்று முன்பே தெரியும். அவர் விடைக்காகக் காத்திருக்கவில்லை. எப்படிப் பாடுகிறார் என்று கேட்க வந்திருக்கிறார். மியூரின் நாவலை அந்த மனநிலையில் படிப்பவருக்கு, அதாவது கிடியனுக்கும் ஹாரோஹார்க்குக்கும் நடுவே வெறுப்பு எப்படித் திரிகிறது என்று பார்க்கிறவருக்கு, அது அபாரமான புத்தகம். கொலையாளியை நூறாம் பக்கத்தில் பிடித்துவிட வேண்டும் என்று பென்சிலோடு உட்காருகிறவருக்கு அதே புத்தகம் ஒரு மோசடி.

சராசரி மதிப்பெண் ஏன் ஏமாற்றுகிறது?

இரண்டு கூட்டம் இருக்கிறது என்பது சரி. அது நட்சத்திரக் கணக்கில் ஏன் தெரிவதில்லை?

நூறு வாசகர் என்று வைத்துக்கொள்வோம். முதல் புத்தகத்துக்கு 70 பேர் மூன்று நட்சத்திரம், 15 பேர் நாலு, 15 பேர் இரண்டு. கூட்டினால் 300, சராசரி 3. இரண்டாவது புத்தகத்துக்கு 45 பேர் அஞ்சு, 45 பேர் ஒன்று, 10 பேர் மூன்று. அங்கேயும் கூட்டுத்தொகை 300, சராசரி 3. முதலாவது யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத புத்தகம். இரண்டாவது பாதிப் பேருக்கு உயிர். வெளியே தெரிவது ஒரே எண். சராசரிக்குக் கீழே உள்ள பட்டை வரைபடத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். அதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

இதன் மேல் இன்னும் சில குழப்பங்கள்:

1. நட்சத்திரத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே அர்த்தம் கிடையாது. வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் இணையதளத்தில் இரண்டு நட்சத்திரம் என்றால் ‘பரவாயில்லை’, மூன்று என்றால் ‘பிடித்திருந்தது’. நம் ஆட்களோ பரீட்சை மார்க்காக நினைத்து, அஞ்சுக்கு மூன்றா, சுமார்தான் போல என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

2. மெனக்கெட்டு எழுதுபவர்களில் ரொம்பப் பிடித்தவர்களும் ரொம்பக் கடுப்பானவர்களும் அதிகம். நடுவில் இருப்பவர் அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார்.

3. தொடர் வரிசையில் இரண்டாம் புத்தகத்தின் மதிப்பெண் பெரும்பாலும் விழாமல் நிற்கும். முதல் புத்தகம் பிடிக்காதவர் இரண்டாவதை வாங்கவே மாட்டார், மார்க் போடவும் வரமாட்டார். இதை வைத்து ‘போகப்போக நன்றாகிறது’ என்று படித்துவிடக் கூடாது.

அப்புறம், அட்டை விளம்பரம். இந்த நாவலுக்கு எழுத்தாளர் சார்ல்ஸ் ஸ்ட்ராஸ் எழுதிய ஒரு வரிப் பாராட்டு மிகப் பிரபலம்: விண்வெளியில் பேய் மாளிகை ஒன்றைத் துழாவும், பெண்களைக் காதலிக்கும் பெண் மந்திரவாதிகள் என்பது அதன் சாரம். புத்தகத்தை விற்றுக்கொடுத்ததில் அந்த வரிக்குப் பங்குண்டு. விண்வெளி சாகசம் தேடுபவர், காதல் கதை தேடுபவர், பேய்க்கதை தேடுபவர், துப்பறியும் கதை தேடுபவர் என நாலு பேரையும் அது ஒரே கடைக்கு அழைத்து வந்தது. இதில் விண்வெளி தேடி வந்தவர் பாவம். கதையின் பெரும்பகுதி ஒரே ஒரு மாளிகைக்குள்ளேயே நடக்கிறது. காதல் தேடி வந்தவருக்கும் கிடைப்பது பெரும்பாலும் வசவும் வாள்வீச்சும்தான்.

வாங்கலாமா?

கருத்துகளைப் படிக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு, எழுதியவர் எதைப் பற்றிக் குறைப்படுகிறார் என்று பாருங்கள். ‘தடயம் போதவில்லை’ என்பது புதிர் வாசகரின் குறை. உங்களுக்குப் புதிர் முக்கியமில்லை என்றால் அதைத் தாண்டிப் போகலாம். ‘பெயரே மனசில் நிற்கவில்லை’ என்பது எல்லோருக்கும் வரும் தொந்தரவு. பாத்திரப் பட்டியலைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தீரும். ‘கிண்டல் தாங்கவில்லை’ என்றால் மாதிரிப் பக்கங்களைப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள். முதல் பத்துப் பக்கத்தில் எரிச்சலூட்டினால் நானூறாம் பக்கத்திலும் எரிச்சலூட்டும்.

இரண்டாம் புத்தகமான ‘ஹாரோ த நைன்த்’ 2020இல் வந்தது. அதன் பெரும்பகுதி ‘நீ எழுந்தாய், நீ நடந்தாய்’ என்று முன்னிலையில் எழுதப்பட்டிருக்கிறது. முதல் புத்தகத்தில் நடந்த சம்பவங்களை வேறு மாதிரி சொல்லி, நாம் படித்தது சரிதானா என்றே சந்தேகப்பட வைக்கும். முதல் புத்தகத்தின் புதிரில் கடுப்பானவர் இதைத் தொடாமல் இருப்பது பணத்துக்கும் நேரத்துக்கும் நல்லது.

வாசகர் வட்டத்தில் இதை எடுப்பதாக இருந்தால், கூட்டத்தை இரண்டாகப் பிரித்து வையுங்கள். முதல் கூட்டம் பாதிப் புத்தகத்தோடு. அதுவரை படித்தவர்கள் கொலையாளி யாரென்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, காரணத்தோடு கொடுத்துவிடட்டும். இரண்டாவது கூட்டத்தில் சீட்டைப் பிரித்துப் பார்த்தால், தடயம் உண்மையிலேயே போதவில்லையா, அல்லது கிடியனைப் போல நாமும் காதில் வாங்காமல் விட்டோமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.